தமிழில் டாக்டர் படிப்பு: 160 ஆண்டுகளுக்கு முன்பே நடத்திக் காட்டிய அமெரிக்கர்! யார் இந்த சாமுவேல் கிரீன்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டியதும் மருத்துவக் கல்லூரிகளின் போர்டுகள் கண்ணில் படும். கிருமாம்பாக்கத்தில் ஒன்று, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று. தவளக்குப்பத்துக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் போகிற இடங்களில் இவையும் உண்டு. அங்கே நோயாளி தமிழில் சொல்வார். டாக்டர் தமிழில் கேட்பார். ஆனால் கையில் கிடைக்கிற ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். காரணம், அந்த டாக்டர் படித்ததே ஆங்கிலத்தில்தான்.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு எம்பிபிஎஸ் பாடப் புத்தகங்களை இந்தியில் வெளியிட்டது. அப்போது தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஒரு கேள்வி சூடு பிடித்தது. தமிழில் டாக்டர் படிப்பு நடத்த முடியுமா? வார்த்தைகள் இருக்கிறதா? புத்தகங்கள் எங்கே?

இதே கேள்விகளுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே பதில் தேடிய ஒருவர் இருக்கிறார். அவர் தமிழர் இல்லை, அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் என்ற ஊரில் உட்கார்ந்து, உள்ளூர் இளைஞர்களை டாக்டர்களாக்கினார். அதுவும் பிற்காலத்தில் முழுக்க முழுக்கத் தமிழிலேயே.

யார் இவர்? எதற்காக இதைச் செய்தார்? அவர் தொடங்கியது ஏன் நிலைக்கவில்லை? பார்க்கலாம்.

யார் இந்த கிரீன்?

1822 அக்டோபர் 10. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார் கிரீன். வசதியான, பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் அமெரிக்க வரலாற்றில் முக்கியமான பெயர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரிய பங்கு அவருக்கு உண்டு. இன்றைக்கு நாம் பார்க்கும் அகண்ட நியூயார்க் நகரத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

தம்பி போன பாதை வேறு. 1845-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார் சாமுவேல். அங்கேயே கிளினிக் வைத்திருந்தால் நல்ல வருமானம் வந்திருக்கும். ஆனால் அவர் ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர். வெளிநாடுகளுக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்க மிஷன் அமைப்பில் சேர்ந்தார். 1847 ஏப்ரலில் பாஸ்டனில் கப்பல் ஏறி, அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. அப்போது அவருக்கு வயது 25 கூட முழுசாக ஆகவில்லை என்று சொல்லலாம்.

அப்போது யாழ்ப்பாணத்தில் என்ன இருந்தது?

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு 1816-லேயே வந்துவிட்டார்கள். வட்டுக்கோட்டையில் 1823-ல் ஒரு உயர்கல்விக் கூடம், உடுவிலில் 1824-ல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி என்று கல்வியில் ஆழமாக இறங்கியிருந்தார்கள்.

மருத்துவத்திலும் கிரீன் முதல் ஆள் இல்லை. அவருக்கு முன்பே ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர் பண்டத்தரிப்பில் வேலை செய்தார். 1819 கடைசியில் இலங்கை வந்த அவர், பிறகு 1836-ல் சென்னைக்குப் போய்விட்டார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். அவருக்கு அடுத்து வந்தவர் நேதன் வார்ட். அவர் விட்டுப்போன இடத்துக்குத்தான் கிரீன் வந்தார்.

முதலில் வட்டுக்கோட்டை. 1848-லிருந்து மானிப்பாய். அங்கே அவர் நடத்திய மருந்தகத்துக்குச் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். காய்ச்சல், கட்டி, கண் நோய், வெட்டுக்காயம், சிக்கலான பிரசவம் என எல்லாம் அவரிடம் வந்தது. போதாக்குறைக்கு அவர் இருந்த காலத்தில் காலரா பல முறை யாழ்ப்பாணத்தைத் தாக்கியது. காலரா வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். மருத்துவர் ஐந்து மைல் தள்ளி இருந்தால் அந்த நோயாளிக்கு அவர் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

ஒரு டாக்டர் போதுமா?

போதாது. இது கிரீனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தான் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? தான் ஊருக்குத் திரும்பினால் அடுத்து யார்?

இன்றைக்கும் தன்னார்வ மருத்துவக் குழுக்கள் சந்திக்கிற அதே சிக்கல் இது. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வரும். முகாம் போடும். நூற்றுக்கணக்கான பேருக்கு சிகிச்சை கொடுக்கும். இரண்டு வாரத்தில் கிளம்பிவிடும். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தவர் என்ன செய்வார்? அதனால்தான் சிகிச்சை கொடுப்பதைவிட, சிகிச்சை கொடுக்க உள்ளூர் ஆட்களைப் பழக்குவது முக்கியம் என்று இன்று பேசுகிறார்கள்.

கிரீன் இதை 1848-லேயே தொடங்கினார். சில மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மானிப்பாயில் முதல் வகுப்பு ஆரம்பமானது. பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. மருந்தகமே பள்ளிக்கூடம், நோயாளிகளே பாடம். புத்தகம் படிப்பது, மருந்து கலப்பது, கட்டுப் போடுவது, ஆசிரியர் அறுவை செய்யும்போது பக்கத்தில் நின்று உதவுவது என்று படிப்பும் வேலையும் சேர்ந்தே நடந்தது.

1850-ல் யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக் முயற்சியில் நகரத்தில் ஒரு மருத்துவமனை வந்தது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். கிரீனிடம் படித்தவர்கள் அங்கேயும் வேலை செய்தார்கள்.

முதலில் ஆங்கிலம்... பிறகு ஏன் தமிழ்?

இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம்.

ஆரம்பத்தில் கிரீன் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் படித்த பையன்கள் கிடைத்ததால் அது சுலபமாக இருந்தது. ஆனால் சில ஆண்டுகளில் ஒரு விஷயம் தெளிவானது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த இளைஞனுக்கு அரசு வேலை கிடைக்கும். இலங்கையின் மற்ற பகுதிகளில் பதவி கிடைக்கும். அப்படிக் கிடைத்தால் அவன் ஏன் மானிப்பாய்க்குப் பக்கத்துக் கிராமத்தில் உட்காரப் போகிறான்?

படித்தவர்கள் போய்விடுவார்கள். கிராமம் பழையபடியே இருக்கும்.

1855-ல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவிலிருந்து மிஷன் தலைமையின் சார்பில் ரூஃபஸ் ஆண்டர்சன் வந்து பார்வையிட்டார். மிஷனின் கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்த ஆண்டே வட்டுக்கோட்டை ஆங்கிலக் கல்விக்கூடம் மூடப்பட்டது. அந்த முடிவு யாழ்ப்பாணத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலம்தான் வேலைக்கு வழி என்று நம்பிய பெற்றோர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

கிரீன் உடல்நலம் குன்றி 1857 கடைசியில் அமெரிக்கா கிளம்பினார். அங்கே மார்கரெட் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டு 1862-ல் மனைவியோடு திரும்பி வந்தார். வந்தபோது மனதில் தெளிவான திட்டம் இருந்தது. இனி மருத்துவ வகுப்பு தமிழில்தான். 1860-களின் நடுவில் அது நடைமுறைக்கு வந்தது.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. தமிழில் படித்தவன் தமிழர்கள் நடுவிலேயே தொழில் செய்வான். தன் ஊரிலேயே வீடு கட்டி, நோயாளிகள் தருகிற கட்டணத்தில் பிழைத்துக்கொள்வான். அவன் சொல்வது நோயாளிக்குப் புரியும். நோயாளி சொல்வது அவனுக்கும் புரியும்.

மொழி என்பது கிரீனுக்கு உணர்ச்சி சார்ந்த விஷயமாக இருக்கவில்லை. படித்து முடித்த டாக்டர் எந்த ஊரில் இருப்பார் என்பதைத் தீர்மானிக்கிற விஷயமாக இருந்தது.

வேட்டி கட்டிய டாக்டர்கள்

அதே காரணத்தால் இன்னொன்றிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். தன் மாணவர்கள் கோட்டும் பூட்ஸுமாக மாறுவதை அவர் விரும்பவில்லை. உடை, சாப்பாடு, பேச்சு, வீடு எல்லாம் ஊர்க்காரர்களைப் போலவே இருக்கட்டும் என்றார். பாதி வெள்ளைக்காரன் போல ஆகிவிட்டவன் கிராமத்து மக்களிடமிருந்து விலகிவிடுவான் என்பது அவர் எண்ணம்.

மதம் மாறலாம், ஆனால் தமிழராகவே இருக்க வேண்டும் என்று நினைத்த மிஷனரி என்று அவரைச் சொல்லலாம். அந்தக் காலத்து மிஷனரிகள் பலரிடமிருந்து அவர் வேறுபட்ட இடம் இது.

வார்த்தைக்கு எங்கே போவது?

தமிழில் நடத்துவது என்று முடிவு செய்தாயிற்று. புத்தகம்? அதுதான் பெரிய பிரச்சினை. சித்த மருத்துவத்தில் ஏராளமான தமிழ்ச் சுவடிகள் இருந்தன. ஆனால் மேற்கத்திய மருத்துவம் சொல்லும் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் மருந்துக்கும் தமிழில் பெயர் தேவைப்பட்டது.

இதற்கு கிரீன் வரிசையாக மூன்று வழி வைத்திருந்தார்.

● முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று தேடு. பழைய நூல்களிலும் நாட்டு வைத்தியர்களின் பேச்சிலும் பார்.

● தமிழில் இல்லை என்றால் சமஸ்கிருதத்திலிருந்து எடு.

● அதுவும் சரிப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் நாக்குக்கு ஏற்ற மாதிரி எழுது.

புத்தகத் தலைப்புகளைப் பார்த்தாலே இது புரியும். உடற்கூறியலுக்கு அவர் வைத்த பெயர் அங்காதிபாதம். உடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் பாடத்துக்கு சுகரணம். இரணம் என்றால் புண், காயம். அதனால் அறுவை சிகிச்சை நூலுக்கு இரண வைத்தியம். கெமிஸ்ட்ரி? அதற்குக் கெமிஸ்தம்!

இன்று நாம் உடற்கூறியல், உடலியங்கியல், அறுவை சிகிச்சை, வேதியியல் என்கிறோம். கிரீன் உருவாக்கிய சொற்களில் பல நிலைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கலைச்சொல் உருவாக்குவதற்கு ஒரு முறை வேண்டும், எல்லா நூலிலும் ஒரே சொல் வர வேண்டும் என்று யோசித்து, தனியாக அருஞ்சொல் பட்டியல்களையும் அச்சிட்டவர் அவர். அறிவியல் தமிழின் முன்னோடி என்று அவரை அழைப்பது இதனால்தான்.

என்னென்ன புத்தகங்கள்?

கிரீன் தனியாகவும் மாணவர்களோடு சேர்ந்தும் கொண்டுவந்த நூல்களில் முக்கியமானவை இவை.

● 1852: அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல். கால்வின் கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரப் பாடநூலின் தமிழாக்கம். மேற்கத்திய மருத்துவம் பற்றித் தமிழில் அச்சான ஆரம்ப நூல்களில் ஒன்று.

● 1857: பிரசவ வைத்தியம். மான்செல் எழுதிய மகப்பேறு நூலின் தமிழாக்கம்.

● 1867: இரண வைத்தியம். டுரூயிட்டின் அறுவை மருத்துவக் கையேடு.

● 1872: மனுஷ அங்காதிபாதம். உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூறு நூலை ஒட்டியது.

● 1872: வைத்தியாகரம். ஹூப்பரின் பொது மருத்துவக் கையேடு.

● 1875: கெமிஸ்தம். வெல்ஸின் வேதியியல்.

● 1883: மனுஷ சுகரணம். டால்டனின் உடலியங்கியல்.

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, உடல் எப்படி இருக்கிறது என்ற அடிப்படை நூலுக்கு அடுத்து அவர் கையில் எடுத்தது பிரசவம். தாயும் குழந்தையும் சேர்ந்து இறப்பது அன்று சாதாரணமாக நடந்த காலம். எது அவசரமோ அதுதான் முதலில் தமிழுக்கு வந்தது.

இரண்டு, கிரேயின் உடற்கூறு நூல் லண்டனில் முதலில் வெளியானது 1858-ல். 14 ஆண்டுகளில் அது தமிழ் மாணவர்கள் கைக்கு வந்துவிட்டது. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களுக்கும் மேல். சில நூல்கள் யாழ்ப்பாணத்தில் அச்சாயின. சில நூல்கள் கடல் தாண்டி நாகர்கோவில் மிஷன் அச்சகத்தில் அச்சாயின.

இந்தியாவில் கிடைக்கும் மூலிகைகள், மருந்துப் பொருள்கள் பற்றி வாரிங் தொகுத்த நூலையும் தமிழாக்கினார். பாஸ்டனிலிருந்து கப்பலில் மருந்து வர மாதக் கணக்காகும். பக்கத்தில் கிடைக்கிற பொருளை வைத்து மருத்துவம் செய்யத் தெரிந்தால்தான் கிராமத்து டாக்டர் தொழில் நடத்த முடியும்.

எல்லாம் அவர் ஒருவரே செய்ததா?

இல்லை. இது அடிக்கடி மறக்கப்படுகிற விஷயம். மொழிபெயர்ப்பு வேலையில் பெரும் பங்கு அவருடைய மாணவர்களுடையது. டான்போர்த், சாப்மன், வில்லியம் பால் ஆகியோர் அதில் குறிப்பிடத்தக்கவர்கள்.

பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களை வைப்பது அன்றைய வழக்கம். தமிழ் மருத்துவ நூல்களை உருவாக்கிய தமிழர்கள் பலர் அமெரிக்கப் பெயரோடு வரலாற்றில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

கிரீனிடம் மொத்தம் 60 பேருக்கும் மேல் மருத்துவம் படித்து முடித்தார்கள். அதில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள்.

விமர்சனங்களே இல்லையா?

இருக்கின்றன. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

கிரீன் வந்தது மதப் பிரசாரத்துக்காக. அதை அவர் மறைத்ததில்லை. மருந்து வாங்க வருகிற நோயாளிகளுக்கு கிறிஸ்தவ போதனையும் சேர்த்தே கிடைத்தது. சைவ சமயத்தார் இதை எதிர்த்ததில் வியப்பில்லை. அந்த எதிர்ப்பின் முகமாக இருந்த ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்ததும் இதே 1822-ஆம் ஆண்டில்தான். நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் நடத்தி, அச்சகம் வைத்து, எளிய தமிழ் உரைநடையில் சைவ நூல்களை வெளியிட்டார். ஒரே வயதுக்காரர்கள் இருவர், சில மைல் இடைவெளியில், எதிரெதிர் நோக்கத்தோடு தமிழ் உரைநடையை வளர்த்தார்கள் என்பது யாழ்ப்பாண வரலாற்றின் சுவாரசியமான பக்கம்.

இன்னொரு குறை பெரியது. கிரீன் உருவாக்கிய டாக்டர்கள் எல்லோரும் ஆண்கள். பிரசவ நூலைத் தமிழில் கொண்டுவந்தார் சரி, ஆனால் அந்தக் காலத்துக் குடும்பங்களில் ஆண் டாக்டரை பிரசவ அறைக்குள் விடத் தயங்கினார்கள். நூல் இருந்தும், அறிவு இருந்தும், அது தேவைப்பட்ட பெண்ணின் பக்கத்தில் போக ஆள் இல்லை. இந்த இடைவெளி நிரம்ப இன்னும் பல ஆண்டுகள் ஆனது.

ஊர் திரும்பியும் ஓயாத வேலை

1873-ல் உடல்நலம் ஒத்துழைக்காமல் கிரீன் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். வூஸ்டரில் குடும்ப வீடு. ஓய்வெடுக்க எல்லா வசதியும் இருந்தது.

ஆனால் அவர் அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் யாழ்ப்பாணத்துக்கும் வூஸ்டருக்கும் நடுவே கப்பலில் போய் வந்தன. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகு வெளியான நூல்கள்தான்.

1884 மே 28-ல் கிரீன் இறந்தார். வயது 61. தன் கல்லறைக் கல்லில் தான் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படி முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய கிரீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது.

அப்புறம் ஏன் தமிழ் வழி மருத்துவம் தொடரவில்லை?

காரணங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தன.

முதல் காரணம், கொழும்பு. 1870 ஜூனில் அங்கே அரசு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் தொடக்கத்திலும் ஒரு வடக்குத் தொடர்பு இருக்கிறது. வட மாகாணத்தில் அரசு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லூஸ், வன்னியில் நோயால் ஊர்களே காலியாகி வருவதைப் பற்றி அறிக்கை கொடுத்தார். உள்ளூர் மருத்துவர்களை உருவாக்கியே ஆக வேண்டும் என்ற அவருடைய யோசனையிலிருந்து வந்ததுதான் அந்தப் பள்ளி. அதன் முதல் தலைவரும் அவரே.

ஆக, தேவை என்ன என்பதில் லூஸும் கிரீனும் ஒரே பக்கம். ஆனால் கொழும்பு பள்ளி ஆங்கிலத்தில் நடத்தியது. அரசு வேலையும் மரியாதையும் அந்தச் சான்றிதழோடு வந்தன. எதிர்காலத்தை யோசிக்கிற மாணவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இரண்டாவது காரணம், ஆள் இல்லாமை. கிரீன் போன பிறகு அவர் இடத்துக்கு உடனே இன்னொரு அமெரிக்க மருத்துவர் வரவில்லை. 1893-ல் ஸ்காட் தம்பதி வரும்வரை அவருடைய மாணவர்கள்தான் மருந்தகத்தைத் தாங்கினார்கள். மருந்தகம் பிழைத்தது. தமிழ் வழி வகுப்பு பிழைக்கவில்லை.

மூன்றாவது, புத்தகங்கள். மருத்துவம் வேகமாக மாறிய காலம் அது. கிருமிகளால்தான் நோய் வருகிறது என்ற புரிதல் கிரீனின் கடைசிக் காலத்தில்தான் வலுப்பெற்றது. காலரா கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் கண்டது 1884-ஐ ஒட்டித்தான், அதாவது கிரீன் இறந்த சமயம். புதுப்புது பதிப்பு கொண்டுவர ஒரு நிறுவனம் பின்னால் நின்றிருக்க வேண்டும். ஒரு மனிதரும் சில மாணவர்களும் செய்த வேலைக்கு அப்படிப்பட்ட ஆதரவு இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், தமிழில் மருத்துவம் சொல்ல முடியாது என்பதால் அது நிற்கவில்லை. தமிழில் படித்தவருக்கு வேலையும் மதிப்பும் தருகிற ஏற்பாடு இல்லாததால் நின்றது.

புதுச்சேரிக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்?

உள்ளூர் ஆட்களுக்கு மேற்கத்திய மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் முயற்சி நம்ம பக்கத்திலும் சீக்கிரமே தொடங்கியது. ஜிப்மர் தன் வரலாற்றை 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து சொல்கிறது. கிரீன் பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆட்சி மொழி பிரெஞ்சாக இருந்தவரை பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம். புதுச்சேரியில் மருத்துவம் படிக்கும் மொழி மாறியது, ஆனால் தமிழுக்கு வரவில்லை.

வேலூர் கதை இன்னும் நெருக்கமானது. கிரீனுக்கு முன் யாழ்ப்பாணத்தில் இருந்த ஜான் ஸ்கடர் ஞாபகம் இருக்கிறதா? அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று குடும்பத்தார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்த பிறகு டாக்டர் ஆக முடிவெடுத்தவர் அவர். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய சிஎம்சி அங்கிருந்து வளர்ந்தது. கிரீன் விட்டுச்சென்ற அந்தப் பெரிய இடைவெளி அப்படித்தான் நிரம்ப ஆரம்பித்தது.

அதே வேலூரில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதி 1970-ல் மகாராஷ்டிராவின் ஜாம்கேட் பகுதிக்குப் போனார்கள். அங்கே பள்ளிக்கூடம் பார்க்காத கிராமத்துப் பெண்களுக்கு அவர்கள் பேசும் மொழியிலேயே சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். கிராமத்து ஆள்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கும் இந்த யோசனைக்கு 1978-ல் அல்மா ஆட்டாவில் நடந்த உலக மாநாடு பெரிய அங்கீகாரம் கொடுத்தது. 2005-ல் இந்தியாவின் தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தில் ஆஷா பணியாளர்கள் வந்தார்கள்.

வீட்டு வாசலில் நின்று குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று தமிழில் கேட்கிற ஒரு பெண், அந்த ஊர்க்காரராகவே இருப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். ஊரை விட்டுப் போகாத ஆள் வேண்டும், ஊர் மொழியில் பேசுகிற ஆள் வேண்டும்.

கிரீனின் வாழ்க்கை: ஒரே பார்வையில்

● 1822: அமெரிக்காவின் வூஸ்டரில் பிறப்பு

● 1845: மருத்துவப் பட்டம்

● 1847: யாழ்ப்பாணம் வருகை

● 1848: மானிப்பாயில் மருத்துவ வகுப்பு தொடக்கம்

● 1852: முதல் தமிழ் மருத்துவ நூல்

● 1862: திருமணம், யாழ்ப்பாணம் திரும்புதல்; அடுத்த சில ஆண்டுகளில் தமிழ் வழி வகுப்பு

● 1873: அமெரிக்கா திரும்புதல்

● 1884: மறைவு

இன்றைக்கு ஏன் இவர் முக்கியம்?

தமிழில் எம்பிபிஎஸ் என்ற விவாதம் வரும்போதெல்லாம் பேச்சு கலைச்சொற்களைச் சுற்றியே போகிறது. அது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை என்பதை மானிப்பாயில் அச்சான புத்தகங்கள் காட்டுகின்றன. 1852-ல் அகராதிகளே சரியாக இல்லாத காலத்தில் செய்ய முடிந்ததை, கணினி இருக்கும் காலத்தில் செய்ய முடியாமல் போகாது.

கடினமான கேள்விகள் வேறு. தமிழில் படித்த டாக்டருக்கு மேற்படிப்பு எங்கே? வேறு மாநிலத்தில் வேலை கிடைக்குமா? புத்தகத்தை ஆண்டுதோறும் யார் புதுப்பிப்பார்கள்? செலவு யாருடையது? கிரீனின் முயற்சி தடுமாறியது இந்த இடங்களில்தான்.

கிரீன் சொன்ன காரணத்துக்கும் இன்னும் வயதாகவில்லை. நகரத்தில் டாக்டர்கள் குவிகிறார்கள், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது இன்றைக்கும் நாடு முழுக்கக் கேட்கிற புகார். படிப்பு எந்த மொழியில் என்பதோடு, படித்தவர் எந்த ஊரில் தங்குவார் என்பதையும் சேர்த்தே யோசித்தவர் அவர். தமிழ் வழி மருத்துவத்துக்கு இனி ஒரு திட்டம் வந்தால், அதில் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான்.